கொல்லைப்புறப் பூச்சிகளும் வெள்ளைத் தாளும்: பிள்ளைகளோடு ஆறு சனிக்கிழமைகள்

கார்த்திகைக் கடைசியில் மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமையன்று, மயிலாடுதுறையில் உள்ள எங்கள் வீட்டுப் பின்திண்ணையில், ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன், பக்கத்து வீட்டு எட்டு வயதுச் சிறுவன் ஆகிய மூவரையும் உட்கார வைத்து நீர்வண்ண ஓவியம் பழக்கத் தொடங்கினேன். மெழுகு வண்ணக் குச்சியும் ஸ்கெட்ச் பேனாவும் மூவருக்கும் கைவந்தவை. தூரிகையும் தண்ணீரும் புதியவை. எதை வரைவது என்பதில் மட்டும் நான் முன்பே உறுதியாக இருந்தேன். புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்து வரையாமல், கொல்லையில் தாங்களே கண்டுபிடித்த பூச்சியை மட்டும் வரைய வேண்டும். வாரத்துக்கு ஒரு பூச்சி, ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரே ஒரு புதிய உத்தி. அந்த ஆறு வாரங்களில் எது கைகூடியது, எது பிசகியது என்பதை, இதே வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் பிசகு தாளில் நேர்ந்தது. பள்ளிக்கு வாங்கிய ஓவிய நோட்டிலேயே தொடங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தாள் தண்ணீர் பட்ட உடனே அப்பளம்போல் நெளிந்து, வண்ணம் பள்ளங்களில் குளமாகத் தேங்கியது. மகன் அதைச் சரிசெய்யத் தூரிகையால் மீண்டும் மீண்டும் தேய்க்க, தாளின் மேற்பரப்பு நூல்நூலாகப் பிரிந்து எழுந்தது. அடுத்த வாரத்துக்குள் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள நீர்வண்ணத் தாள் வாங்கி, ஏ3 அளவுத் தாள் ஒவ்வொன்றையும் நான்காக வெட்டிக்கொண்டேன். சிறிய தாள் சீக்கிரம் நிறையும்; ஆறு வயதுப் பிள்ளையின் பொறுமை அதற்குள் அடங்கும். பரீட்சை அட்டையின்மேல் தாளை வைத்து நான்கு ஓரங்களிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டால் நெளிவு பெருமளவு குறைகிறது. டேப்பைத் தாள் முழுவதும் காய்ந்த பிறகே, படத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து, மெல்ல உரிக்க வேண்டும். ஈரத்தில் உரித்தால் தாளும் சேர்ந்து கிழியும்.

வண்ணங்களில் ஐந்தை மட்டுமே வெளியே எடுத்தேன்: எலுமிச்சை மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு, சாப் கிரீன் என்னும் இலைப்பச்சை. பெட்டியில் இருந்த கறுப்பையும் வெள்ளையையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அதற்கான காரணம் பின்னால் வரும். ஆறாம் எண், இரண்டாம் எண் வட்டத் தூரிகைகள் ஆளுக்கு ஒரு ஜோடி போதுமானவையாக இருந்தன. தூரிகையை அலச ஒரு குவளை, வண்ணத்தில் கலக்கச் சுத்தமான தண்ணீருக்கு இன்னொரு குவளை, ஈரத்தை ஒற்றி எடுக்கப் பழைய வேட்டித் துணி, வண்ணம் கலக்க வெள்ளைப் பீங்கான் தட்டு. எவர்சில்வர் தட்டில் கலந்தால் உலோகத்தின் பளபளப்பில் உண்மையான நிறம் தெரியாது. தூரிகையின் நுனியைக் கூராக்க வாயில் வைக்கும் வழக்கத்தை முதல் நாளே தடுத்துவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் பூச்சி பொறிவண்டு. அவரைக் கொடியின் இளந்தண்டுகளில் கருப்பு அசுவினி மொய்த்திருந்தது. அசுவினி இருக்கும் இடத்தில் அதைத் தின்னப் பொறிவண்டும் வந்துவிடும். செம்மஞ்சள் நிற முதுகில் நெளிநெளியாகக் கருங்கோடுகள் ஓடிய ஒரு வண்டைக் கண்ணாடிப் புட்டியில் விட்டு, உருப்பெருக்கியால் மூவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஆறு கால்கள், தலையில் இரண்டு குட்டையான உணர்கொம்புகள், முதுகின் நடுவே நேராக ஓடும் ஒரு கோடு. அந்தக் கோடு வெறும் அலங்காரமன்று, இரண்டு கெட்டியான மேற்சிறகுகள் வந்து சேரும் இடம் என்பது, புட்டியைத் திறந்ததும் வண்டு மேற்சிறகுகளை அகல விரித்து, உள்ளே மடித்து வைத்திருந்த மெல்லிய சிறகுகளால் பறந்துபோனபோதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

வரைவது எளிது: ஒரு நீள்வட்டம், அதன் முன்னால் அரைவட்டம், நடுவே கோடு. கடினமானது, பூசாமல் விடுவது. வண்டின் வழவழப்பான முதுகில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும் ஒரு சிறு புள்ளி உண்டு. நீர்வண்ணத்தில் அந்த வெளிச்சம் தாளின் வெண்மையேயன்றி வேறில்லை. பூசிய பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெள்ளை ட்யூபைப் பூட்டி வைத்ததற்கு இதுவே காரணம். அது கையில் இருந்தால், எதை விட வேண்டும் என்று முன்கூட்டி யோசிக்கும் பழக்கம் வரவே வராது. மெழுகுக் குச்சியில் இடைவெளி விடாமல் நிரப்பினால்தான் நல்ல மதிப்பெண் என்று பழகியிருந்த மகன், முதல் மூன்று வண்டுகளையும் ஒரு துளி இடம் விடாமல் சிவப்பாக்கிவிட்டான். நான்காவதில், கடுகளவு வட்டத்தைப் பென்சிலால் முதலில் வரைந்து, “இது வெளிச்சம் உட்காரும் இடம், இங்கே தூரிகை போகக் கூடாது” என்று சொன்னதும் அதைச் சுற்றிக் கவனமாகப் பூசினான். தள்ளி நின்று பார்த்தபோது தட்டையாக இருந்த வண்டு திடீரென்று உருண்டு திரண்டு நின்றது. அவன் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அன்றே இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். செம்மஞ்சள் காயும் முன் கருங்கோடு இட்டால் கோடு பரவிச் சேறாகிவிடும். மின்விசிறியின் கீழ் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும் என்று நான் கணித்திருந்தேன். மழைக்கால ஈரக்காற்றில் அரை மணி நேரம் ஆயிற்று. புறங்கையைத் தாளின்மேல் மெல்ல வைத்துப் பார்க்கச் சொன்னேன். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரம் பார்க்காத பக்கத்து வீட்டுச் சிறுவன், பாதி காய்ந்த இலையின்மேல் தண்ணீர்த் துளியைச் சொட்டிவிட, வண்ணம் ஓரம் ஒதுங்கிக் காலிஃபிளவர் போன்ற ஒரு கறை விரிந்தது. அதைப் பூச்சி அரித்த இலையாக மாற்றிக்கொள்ளலாம் என்று மகள் சொன்னாள், அப்படியே விட்டுவிட்டோம். காயும் நேரத்தில் பிள்ளைகளை என்ன செய்ய வைப்பது என்ற கேள்விக்கும் அன்றே விடை கிடைத்தது. திரும்பக் கொடியிடம் போய் இன்னொரு வண்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஒரு திருத்தத்தோடு வந்தார்கள்: கால்கள் வெளியே அவ்வளவு நீளமாகத் தெரியவில்லை, தலைக்கு அருகே வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று. காத்திருத்தல் இல்லாமல் இருந்திருந்தால் இந்த இரண்டாம் பார்வை கிடைத்திருக்காது. எனவே அதன் பிறகு ஹேர் டிரையர் கேட்டபோதும் நான் தரவில்லை.

இரண்டாம் வாரம் கட்டெறும்பு. தூரிகையின் வயிற்றுப் பகுதியை மூன்று முறை அழுத்தி எடுத்தால் தலை, மார்பு, வயிறு வந்துவிடும். கால்கள் ஆறும் நடுவில் உள்ள மார்பிலிருந்து மட்டுமே கிளம்ப வேண்டும் என்பதுதான் இதில் கற்க வேண்டியது. அதே நாள் மகன் ஒரு சிலந்தியை வரைந்து கொண்டுவந்தான். “அம்மா, இதுக்கு எட்டுக் கால் இருக்கு, நான் எண்ணிட்டேன்” என்றான். உடலும் மூன்றாக இல்லாமல் இரண்டாகவே பிரிந்திருப்பதைக் காட்டி, அது பூச்சி இனத்தில் சேராது என்று சொன்னேன். படத்தை மட்டும் விலக்கவில்லை. அவனே எண்ணி வரைந்த எட்டுக் கால்கள் அவை.

மூன்றாம் வாரம் தட்டான். ஒளி ஊடுருவும் சிறகைப் பிள்ளைகள் நீலத்தால் நிரப்பிவிடுவார்கள் என்று எதிர்பார்த்து, முதலில் வெறும் தண்ணீரால் சிறகின் வடிவத்தை வரையச் சொன்னேன். சாய்வாகப் பார்த்தால் மட்டும் தெரியும் அந்த ஈரச் சிறகின் அடியில், உடலோடு சேரும் இடத்தில், நீர்த்த நீலத்தை ஒரே ஒரு துளி தொட்டு வைத்தால் அது தானாக ஊர்ந்து நுனிக்குப் போகும் முன் மங்கி மறைகிறது. காய்ந்த பிறகு இரண்டாம் எண் தூரிகையால் நரம்புகளில் முக்கியமானவற்றையும், நுனியருகே உள்ள சிறு கறுத்த பொட்டையும் இட்டார்கள். உட்காரும்போது சிறகுகளை விரித்தே வைத்திருப்பது தட்டான், பெரும்பாலும் முதுகின்மேல் சேர்த்து மடிப்பது ஊசித்தட்டான் என்ற வேறுபாட்டை மகள் குளத்தங்கரையில் பார்த்துச் சரிபார்த்துவிட்டு வந்தாள். மூவருடைய படங்களிலும் இந்த வாரத்தவையே எனக்கு மிகவும் பிடித்தவை. தண்ணீரைத் தன் போக்கில் விட்டதால் கிடைத்த மென்மை அவற்றில் இருக்கிறது.

நான்காம் வாரம் பந்தல் மூங்கிலைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு. நாம் வண்டு என்று அழைத்தாலும் அது தேனீக்களின் உறவு. கறுப்பு ட்யூபைக் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சிறுவன், “கறுப்பு இல்லாம கருவண்டு எப்படி அத்தை?” என்றான். அல்ட்ராமரின் நீலத்தையும் செம்பழுப்பையும் கெட்டியாகக் கலந்து காட்டினேன். கறுப்புக்கு மிக அருகில் வரும் ஓர் ஆழ்ந்த நிறம் பிறந்தது. நீலம் கூடினால் குளிர்ந்த கறுப்பு, பழுப்பு கூடினால் வெதுவெதுப்பான கறுப்பு. வெயிலில் அந்த வண்டின் சிறகு நீலமும் ஊதாவுமாக மின்னுவதை அவர்கள் பார்த்திருந்ததால், சிறகுக்கு நீலம் கூடிய கலவை, உடலுக்குப் பழுப்பு கூடியது என்று தாங்களே பிரித்துக்கொண்டார்கள். ட்யூப் கறுப்பில் இந்த உயிரோட்டம் வருவதில்லை.

ஐந்தாம் வாரத்துப் பூச்சிக்கான வேலை உண்மையில் இரண்டாம் வாரமே தொடங்கிவிட்டது. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருந்த சிறு புழுக்களை மகள் கண்டிருந்தாள். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றின் இலையைத் தின்று வளரும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் அவை. தோல் உரித்து உரித்து வளர்ந்து, கடைசியில் இலையின் நிறத்தையே உடலாகக் கொண்டு நின்றபோது, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளையான செம்மஞ்சள் கொம்பை நீட்டிக் காரமான வாடையை எழுப்பின. ஈரத் தாளில் இலைப்பச்சையைப் பரப்பி, அது காயும் முன் மஞ்சளைச் சொட்டி, இந்தப் புழுவை மூவரும் வரைந்து வைத்திருந்தார்கள்.

அப்போது அவர்களுக்கு மரியா சிபில்லா மெரியனைப் பற்றிச் சொன்னேன். 1647ஆம் ஆண்டு பிராங்பர்ட்டில் பிறந்த அவர், பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்துக் கவனிக்கத் தொடங்கியவர். புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி மூன்றையும் அவை வாழும் செடியோடு ஒரே படத்தில் தீட்டியவர். 1699இல் தம் இளைய மகளோடு கப்பலேறித் தென் அமெரிக்காவின் சுரினாம் நாட்டுக்குப் போய் அங்குள்ள பூச்சிகளை வரைந்தவர். என் மகளுக்கு அந்தப் பதின்மூன்று வயதுச் செய்திதான் மனத்தில் நின்றது. தானும் ஒரே தாளில் கறிவேப்பிலைக் கொம்பை வரைந்து, அதில் மூன்று நிலைகளையும் வைப்பதாகத் தீர்மானித்துக்கொண்டாள்.

அந்த வண்ணத்துப்பூச்சியின் சிறகு, கறுப்புத் தரையில் வெளிர்மஞ்சள் திட்டுகளும், பின்சிறகின் உள்ளோரத்தில் ஒரு சிவப்புப் பொட்டும் கொண்டது. செய்தித்தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கச் சிறகை வெட்டி விரித்தால் இரு பக்கமும் ஒத்த அச்சு கிடைக்கிறது. அதைச் சுற்றிப் பென்சிலால் வரைந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டுச் சிறுவன் முதலில் சிறகு முழுவதையும் கறுப்பாக்கி, காய்ந்த பின் அதன்மேல் மஞ்சளைக் கெட்டியாக அப்பினான். மஞ்சள் எழும்பவில்லை, அழுக்குப் பச்சையாக உள்ளே அமிழ்ந்தது. நீர்வண்ணம் கண்ணாடித்தாள் போன்றது, கீழே இருப்பது மேலே தெரியும் என்பதை நான் வாயால் பலமுறை சொன்னதைவிட அந்த ஒரு சிறகு தெளிவாகச் சொல்லிற்று. அடுத்த தாளில் சிறகு முழுவதும் நீர்த்த மஞ்சள். அது காய்ந்ததும் சிவப்புப் பொட்டு. அதுவும் காய்ந்த பிறகு, திட்டுகளை விட்டுவிட்டு இடையிலுள்ள பகுதிகளில் மட்டும் கலவைக் கறுப்பு. புள்ளிகளை வரையாமல் புள்ளிகளுக்கு இடையே உள்ளதை வரைவது எட்டு வயதுக் கைக்கு எளிதன்று. இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தது. ஆனால் அவன் பாதியில் எழுந்து போகவில்லை. ஆறு வயதுக்காரனுக்கு இந்த வேலை அதிகம் என்று கண்டதால், மெழுகுவத்தியால் திட்டுகளை முதலில் தேய்த்துவிட்டு மேலே பூச விட்டேன். மெழுகு பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் விலகி நின்றது. இதற்கென்று கடையில் விற்கும் மறைப்புத் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருப்பதால் பிள்ளைகள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

இதற்குள் செடியில் இருந்த புழுக்களில் ஒன்று, இடுப்பில் ஒற்றைப் பட்டிழையைக் கச்சையாகக் கட்டிக்கொண்டு, தலை மேல் நோக்கியிருக்கக் கூட்டுப்புழுவாகிவிட்டது. மகளின் தாளில் மேல் பகுதி மட்டும் பல நாள் வெறுமையாக இருந்தது. சிறகு விரிந்ததைப் பார்க்காமல் அதை வரைய மாட்டேன் என்றாள். மார்கழியின் கடைசி வாரத்தில் ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில், கூடு கறுத்து உள்ளே மஞ்சள் திட்டுகள் தெரிந்தன. மூவரும் செடியருகே நின்றபோது கூடு பிளந்து, சுருங்கிய சிறகுகளோடு பூச்சி வெளியே வந்து, கூட்டையே பற்றிக்கொண்டு சிறகுகளைக் கீழே தொங்கவிட்டது. “இதுவும் காயணுமா?” என்று மகன் கேட்டான். காய வேண்டும் என்றேன். வேன் வந்துவிட்டது, அவர்கள் போய்விட்டார்கள். பறந்ததை நான் மட்டுமே பார்த்தேன், மணி பத்தரை இருக்கும்.

ஆறாம் சனிக்கிழமை தை பிறந்த பிறகு வந்தது. மகள் தன் தாளின் மேல் பகுதியை முடித்தாள். மகன் செடியில் ஒட்டியிருந்த வெறுங்கூட்டை வரைந்தான்: அதற்கு அவன் எடுத்துக்கொண்டது செம்பழுப்பில் ஒரு துளியும் ஏராளமான தண்ணீரும் மட்டுமே, பிளந்திருந்த வாயின் உட்புறத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. பதினெட்டுத் தாள்கள் தேறின. ஓரங்கள் சற்று வளைந்திருந்ததால் பின்புறத்தை லேசாக நனைத்து, இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு இடையே வைத்து, அகராதிகளின் கீழே இரண்டு நாள் அழுத்தி வைத்திருக்கிறேன். அவரைக் கொடியில் கும்பிடுபூச்சி ஒன்று முட்டைக்கூடு வைத்திருப்பதாகப் பக்கத்து வீட்டுச் சிறுவன் நேற்று வந்து சொன்னான். பரீட்சை அட்டையில் அடுத்த தாளை ஒட்டிவிட்டோம்.