வாசல்வரை நான்கடிப் பாதை

எட்டு ஆண்டுகளாக என் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் வீட்டின் முன்முற்றத்துக்கே போய்க்கொண்டிருந்தன. முப்பது அடி அகலம், இருபது அடி ஆழம் உள்ள சின்ன இடம்தான். நடுவில் புல்தரை, அதற்குள் அங்கங்கே வட்ட வட்டமாகப் பாத்திகள், ஜன்னலுக்குக் கீழே நெருக்கி நட்ட வேலிச்செடிகள். இத்தனை உழைத்தும், தெருவிலிருந்து பார்த்தால் வீட்டு வாசல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

எதையும் பிடுங்குவதற்கு முன் ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துவந்தேன். எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் என்று மட்டும். புல் வெட்டுவதுதான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன், அது இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நேரத்தைத் தின்றது ஓரம் வெட்டுவது. ஒன்பது பாத்திகள், ஒன்பது வட்டங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி மண்டியிட்டுக் கத்தரிக்கோலால் புல்லை ஒதுக்க வேண்டும். அடுத்தது ஜன்னலடி வேலி. நான்கைந்து அடி விரியும் செடியை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டிருந்தோம். நுனியை வெட்டினால் கீழே உறங்கிக்கொண்டிருக்கும் மொட்டுகள் விழித்துப் பக்கக் கிளைகளாக வெடிக்கும். ஆக, நான் வெட்ட வெட்ட அது இன்னும் அடர்ந்தது. குறை செடியிடம் இல்லை, நட்ட இடைவெளியில் இருந்தது.

ஆனாலும் நான் முதலில் கைவைத்தது செடியில் அல்ல, பாதையில். அதற்குக் காரணம் அம்மா. வாசற்கதவிலிருந்து கேட் வரை இரண்டரை அடி அகலத்தில் ஒரு வளைந்த பாதை இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். அந்தப் பாதையில் ஒருவர் கல்லிலும் ஒருவர் ஈரப் புல்லிலும் நடக்க வேண்டியிருந்தது. "நீ முன்னால் போ, நான் மெதுவாக வருகிறேன்" என்று அவர் ஒருநாள் சொன்னபோதே பாதையை மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். இப்போது அது நான்கடி அகலம், நேர்கோடு. கயிறு கட்டி, ரசமட்டம் வைத்து, மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் வீதம் தெருப்பக்கம் வாட்டம் கொடுத்தோம். ஆறு மீட்டர் நீளத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் இறக்கம். நடக்கும்போது கண்ணுக்கே தெரியாது, ஆனால் மழைநீர் சுவரடியில் நிற்காமல் ஓடிவிடுகிறது. முகப்பின் அழகில் பாதியை இந்தப் பாதைதான் கொண்டுவந்தது என்பேன். கண் கேட்டில் தொடங்கி எங்கும் தடுக்காமல் கதவுக்குப் போய்ச் சேர்கிறது.

களை முளைக்காமலிருக்க மண்மேல் விரிக்கும் களைத்துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த மாற்றத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு மூலையில் களைத்துணி விரித்து அதன்மேல் கூழாங்கல் கொட்டியிருந்தேன். முதல் ஆண்டு சுத்தமாக இருந்தது. பிறகு காற்றில் வந்த தூசியும் மக்கிய இலையும் கற்களுக்கிடையே படிந்து, துணியின் மேலேயே விரற்கடை உயரத்துக்கு மண்ணாகிவிட்டது. விதைகள் அந்த மண்ணில் முளைத்தன. இந்த முறை அதை உரித்தெடுத்தபோது துணி தனியாக வரவில்லை. அருகம்புல் வேர்கள் ஊடும் பாவுமாக அதைத் தைத்திருந்தன. கோரை கீழிருந்து ஊசிபோலத் துளைத்து மேலே வந்திருந்தது. அடியில் இருந்த மண் வெளிறி, இறுகி, ஒரு மண்புழுகூட இல்லாமல் கிடந்தது. இனி எந்தச் செடிப் பாத்தியிலும் நான் களைத்துணி விரிக்கமாட்டேன்.

அதற்குப் பதிலாக மரச்சில்லு மூடாக்கு. மூன்று அங்குலக் கனம். மண்ணில் வெயில் படாததால் களை விதைகள் பலவும் முளைப்பதில்லை, ஈரமும் சீக்கிரம் காய்வதில்லை. மக்கி மண்ணோடு சேரச் சேர ஆண்டுக்கு ஒருமுறை மேலே கொஞ்சம் போட்டால் போதும். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது, எப்போதும் ஈரமாக இருந்தால் பட்டை அழுகிவிடும். நான்கு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன்.

ஒன்பது பாத்திகளை இரண்டாக்கினேன், பாதையின் இருபுறமும் நீளமாக ஒவ்வொன்று. பதினான்கு வகைச் செடிகள் இருந்த இடத்தில் இப்போது மூன்றே வகை. ஜன்னலடியில் குட்டை ரக இட்லிப்பூ, அரைநிழல் விழும் மதிலோரம் நந்தியாவட்டை, வெயில் காயும் கேட் பக்கம் கற்றாழை. அரளியும் வறட்சி தாங்கும், நன்றாகவும் பூக்கும். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வந்து விளையாடும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனமில்லை. தாகம் ஒத்த செடிகள் ஒரே இடத்தில் இருப்பதால் சொட்டுநீர்க் குழாயை இரண்டு வரிசையாகப் பிரித்துக்கொண்டேன். கற்றாழைப் பக்கம் அனேகமாக மூடியே கிடக்கும்.

முதல் ஆண்டில் வேலை குறையவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேர் இறங்கும்வரை தவறாமல் தண்ணீர் விட வேண்டியிருந்தது. செடிகளுக்கிடையே இரண்டரை அடி வெற்றிடம் மொட்டையாகத் தெரிந்தது. "இன்னும் நாலு செடி வைக்கலாமே" என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வைக்கவில்லை. இப்போது இரண்டாம் ஆண்டு முடிகிறது, இலைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. கவாத்து ஆண்டுக்கு இரண்டு முறைதான்.

கோரை மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. மண்ணுக்கடியில் கிழங்கு இருக்கும்வரை அது வரும். பார்த்தவுடன் களைக்கொத்தியால் கிழங்கோடு எடுத்துவிட வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் கேட் வரை சேர்ந்து நடந்தோம். அவர்தான் குச்சியால் சுட்டிக் காட்டிக்கொண்டு வந்தார். மொத்தம் ஐந்து. எடுத்து முடிக்கும்போது காப்பி ஆறியிருக்கவில்லை.