மூன்று பேர் வாசிக்கிற சத்தம்

அக்டோபர் 3

கல்லீரல் மாற்றுப் பட்டியலில் அண்ணன் பேர் ஏறிவிட்டது. இனி போனை விட்டு யாரும் நகரக் கூடாது. பை ஒன்று கட்டி வாசல் பக்கத்தில் வைத்திருக்கிறோம். அதில் அண்ணன் முதலில் போட்டது ஹெட்போன். துண்டு, சட்டை எல்லாம் அப்புறம் அண்ணி எடுத்து வைத்தது.

அக்டோபர் 6

கிரீம் என்ற மூன்று பேர் ராக் குழுவின் டிரம்மர் ஜின்ஜர் பேக்கர் இறந்த நாள், 2019. காலையில் கஞ்சி குடிக்கும்போதே அவர்களுடைய 'டோட்' போடச் சொன்னார் அண்ணன். 1968 மார்ச் 7, சான் ஃபிரான்சிஸ்கோ, ஃபில்மோர் அரங்கம். பதினாறு நிமிடத்துக்கு மேல் போகும். ஆரம்பத்தில் மூன்று பேரும் சேர்ந்து ஒரு சின்ன ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் மெட்டுத்துண்டு), அப்புறம் கிடார் வாசிக்கும் கிளாப்டனும் பேஸ் கிடார் வாசிக்கும் ஜாக் புரூஸும் ஒதுங்கிக்கொள்ள, மிச்சமெல்லாம் பேக்கர்தான். இதை டிரம் சோலோ என்பதைவிடத் தனி ஆவர்த்தனம் என்றால் நமக்குச் சட்டென்று பிடிபடும். கால்கள் இரண்டு பேஸ் டிரம்மையும் விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கின்றன, கைகள் மேலே வேறு ஒரு கதை சொல்கின்றன, ஒரு கட்டத்தில் இது ஒரே ஆள்தானா என்று சந்தேகம் வந்துவிடும்.

இது வருகிற 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற இரட்டை ஆல்பத்தின் நேரடிப் பாகத்துக்கு 'ஃபில்மோரில்' என்று பெயர் போட்டிருப்பார்கள். உண்மையில் அதில் ஃபில்மோரில் பதிந்தது இது ஒன்றுதான். மற்ற மூன்றும் அதே ஊரில் வின்டர்லேண்டில் பதிந்தவை. ஐஸ் ஸ்கேட்டிங் மைதானமாக இருந்த இடம் அது. இதைச் சொல்லாமல் என்னால் ஒருநாளும் இருக்க முடிந்ததில்லை. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே, "தெரியும்டா, சொல்லு" என்றார்.

அக்டோபர் 9

போன் மூன்று தடவை அடித்தது. மூன்றும் அம்மா.

அக்டோபர் 12

வேலைக்குப் போகும் ரயிலிலும் திரும்பி வரும் ரயிலிலும் 'கிராஸ்ரோட்ஸ்' மட்டும்தான். 1968 மார்ச் 10, வின்டர்லேண்ட். நாலேகால் நிமிடம். ராபர்ட் ஜான்சன் 1936-இல் சான் அன்டோனியோவில் ஒற்றை ஆளாக, ஒற்றைக் கிடாரோடு பாடிப் பதிந்த பாட்டு. நடுவில் ரோஸ்டேல் என்ற ஊர் வருகிற வரிகள் அவருடைய வேறு ஒரு பாட்டில் இருந்தவை, கிளாப்டன் எடுத்து இதில் சேர்த்துக்கொண்டார்.

எல்லோரும் அந்த இரண்டாவது கிடார் சோலோவைத்தான் பேசுவார்கள். பேசட்டும், பேச வேண்டியதுதான் அது. ஆனால் ஒரே ஒரு தடவை கிளாப்டனை விட்டுவிட்டு அதன் அடியில் நடப்பதைக் கேட்டுப் பாருங்கள். கிடார் சோலோவுக்குப் போய்விட்டால் பின்னால் ஸ்வரக்கூட்டு (கார்டு) பிடிக்க இன்னொரு கிடார் இல்லை, பியானோ இல்லை, ஆர்கன் இல்லை. அந்த இடம் அப்படியே காலியாகிவிடும். வேறு யாராவது என்றால் பயந்துபோய் ஒழுங்காகத் தாளத்தோடு மூல ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். புரூஸ் நிற்கவில்லை. மேலே ஏறுகிறார், கிளாப்டனுக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகிறார், சில இடங்களில் கிட்டத்தட்ட வழிமறிக்கிறார். பேக்கர் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு இடைவெளிகூட விடாமல் உருட்டுகிறார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சோலோ வாசிக்கிறார்கள், ஆனால் பாட்டு உடையவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் ராக் இசையில் இல்லை.

அண்ணனிடம் சொன்னேன். "2005-ஐக் கேளு" என்றார். பழைய சண்டை. அவருக்கு கிரீம் மறுபடி சேர்ந்து வாசித்த 2005, எனக்கு 1968. இருபது வருஷமாக நடக்கிறது. 2005-இல் அதே பாட்டை எவ்வளவு மெதுவாக எடுத்திருக்கிறார்கள், எப்படி இரண்டையும் ஒப்பிட முடியும்?

"மெதுவா வாசிச்சா ஒருத்தர் வாசிக்கிறது மத்தவருக்குக் கேக்கும்டா."

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அக்டோபர் 15

மருத்துவமனை. டாக்டர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, போலீஸ்காரர் வண்டியை மறிப்பதுபோல் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். பத்து விநாடி ஒன்றும் இல்லை. அப்புறம் மணிக்கட்டு தானாகத் தொய்ந்து கீழே விழுந்தது, உடனே நிமிர்ந்தது, மறுபடி விழுந்தது. அண்ணன் தன் கையையே யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேஸ் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். புரூஸ் வாசித்த கிப்சன் இபி-3 மாதிரியே செய்த மலிவான நகல், 1999-இல் லண்டன் வந்த புதிதில் வாங்கியது. வாசிக்கவில்லை. நான்கு கம்பிகளையும் துணியால் துடைத்துவிட்டுத் திரும்ப மூலையில் சாய்த்து வைத்தார்.

அக்டோபர் 17

தூக்கம் இல்லை. கிளாப்டன் ஒரு இரவு மேடையில், பாட்டின் நடுவில், வாசிப்பதை நிறுத்தினாராம். மற்ற இருவரும் கவனிக்கவே இல்லையாம், அவர்கள் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போனார்களாம். கிரீம் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆம்ப்ளிஃபயர்களை (ஆம்ப்) சுவர் மாதிரி அடுக்கி வைத்து அவ்வளவு சத்தத்தில் வாசித்தால் பக்கத்தில் நிற்பவன் நின்றுபோனது எப்படித் தெரியும்? பேக்கருக்குக் காது போனதே அந்தச் சத்தத்தால்தான். இவ்வளவு நாள் இதைச் சத்தத்தைப் பற்றிய கதையாகத்தான் நினைத்திருந்தேன். இன்று ராத்திரி அண்ணன் அறையில் சத்தம் எதுவும் கேட்காமல் போக, எழுந்து போய்க் கதவருகில் நின்று மூச்சு வருகிறதா என்று கேட்டேன். வந்தது. ஒரு பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். பின்னால் அண்ணியும் வந்து நின்றிருந்தார், அதை நான் கவனிக்கவில்லை.

அக்டோபர் 21

உப்பில்லாத சாம்பார். நானும் அதையேதான் சாப்பிட்டேன்.

அக்டோபர் 25

ஜாக் புரூஸ் இறந்த நாள், 2014. இன்றைக்கு இந்தப் பேச்சு வரக் கூடாது என்று இருந்தேன். அண்ணனே எடுத்தார்.

அவர் கணக்கு இது. புரூஸுக்கு 2003-இல் கல்லீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. செப்டம்பரில் மாற்று அறுவை. புதுக் கல்லீரலை உடம்பு ஏற்கவில்லை, கிட்டத்தட்டப் போய்விட்டார் என்ற நிலை. மீண்டு வந்தார். 2005 மே மாதம் லண்டன் ஆல்பர்ட் ஹாலில் பேஸ் பிடித்து நின்று பாடினார். 2014 அக்டோபரில் இறந்தார். ஆகப் பதினோரு வருஷம், ஒரு மாதம்.

"பதினோரு வருஷம்னா பாப்பாவுக்கு இருபது."

பாப்பா அப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பெருக்கல் கணக்கு. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, பாத்திரம் கழுவுகிறேன் என்று எழுந்துவிட்டேன். புரூஸ் கணக்கு அண்ணன் கணக்கு இல்லை, நோய் வேறு, உடம்பு வேறு, மருத்துவமும் இருபது வருஷத்தில் எவ்வளவோ மாறிவிட்டது என்றெல்லாம் சொல்லலாம். கழுவிக்கொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அக்டோபர் 29

போன் வந்தது. இரவு 1.40.

எழுத முடிகிற வரை எழுதுகிறேன். இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தோம். ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், கவுன் மாட்டிவிட்டார்கள், தண்ணீர் கூடக் கூடாது என்றார்கள். அண்ணன் ஒரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கத்தை என்னிடம் கொடுத்தார். அதே வின்டர்லேண்ட், அதே மார்ச் 10, 'ஸ்பூன்ஃபுல்'. வில்லி டிக்சன் எழுதி ஹவ்லின் வுல்ஃப் பாடியது, இரண்டே முக்கால் நிமிடப் பாட்டு. இவர்கள் கையில் பதினாறு நிமிடத்துக்கு மேல். பாதியில் அந்த ரிஃப்பையே விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறார்கள், யார் கூட்டிப்போகிறார்கள் என்று தெரியாது, திரும்பி வருவார்களா என்றும் தெரியாது. எத்தனையோ தடவை கேட்டதுதான், இருந்தும் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் எனக்குக் கை சில்லிடும். 1968-ஐ அவராகவே போட்டார் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

5.15-க்கு ஒரு நர்ஸ் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டது. உறுப்பு சரியில்லையாம், வைக்க முடியாதாம், இப்படி நடப்பதுண்டாம். மிக அன்பாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது விடிந்துவிட்டது. அண்ணன் காரில் தூங்கினார்.

அக்டோபர் 30

பையை மறுபடி கட்டியாகிவிட்டது.

நவம்பர் 2

1968 நவம்பர் 26, கிரீமின் கடைசி நிகழ்ச்சி, அதே ஆல்பர்ட் ஹால். அன்று முன்னால் வாசித்தவை யெஸ், டேஸ்ட் என்ற குழுக்கள். டேஸ்ட் என்றால் ரோரி கேலகர், அவர்களும் மூன்று பேர்தான். பிபிசிக்காக டோனி பால்மர் எடுத்த படம் இருக்கிறது. அதைப் பார்க்க உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. சோலோ உச்சத்துக்குப் போகும்போது விரலைக் காட்டாமல் கேமரா உள்ளே பாய்ந்து வெளியே பாய்ந்து என்ன செய்கிறது? மேலே ஒரு ஆள் வேறு விளக்கம் சொல்கிறார். ஒலியும் கலங்கல். அந்த மண்டபத்தின் எதிரொலி அந்தக் காலத்தில் பேர் போனது. கூரையிலிருந்து காளான் மாதிரித் தட்டுகள் தொங்குகின்றனவே, எதிரொலியை அடக்குவதற்கான அவற்றை மாட்டியது 1969-இல். கிரீம் விடைபெற்றுப் போன மறு வருஷம்!

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப 2005-தான் சரியாக் கேட்டுச்சுன்னு ஒத்துக்கிற" என்றார். மண்டபம் வேறு, வாசிப்பு வேறு என்று அரை மணி நேரம் வாதாடினேன். நன்றாக வாதாடினார். குரலில் பழைய தெம்பு இருந்தது. இன்று நல்ல நாள்.

நவம்பர் 5

கெட்ட நாள். வெளியே வாண வேடிக்கை, இங்கே வருஷா வருஷம் கொண்டாடும் கை ஃபாக்ஸ் இரவு, ஜன்னல் அதிர்கிறது. அண்ணன் ஏழு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "டிக்கெட்டை எடுத்துக்கிட்டியா, நேரமாச்சு" என்றார். எந்த டிக்கெட் அண்ணே என்றேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பாப்பாவின் பெயர் வாயில் வரவில்லை. அவள் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மருந்து கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துத் தெளிந்தார். அண்ணி பாப்பாவிடம், அப்பாவுக்கு ரத்தத்தில் ஏதோ சேர்ந்துபோய் மூளை கொஞ்சம் குழம்புகிறது, அப்பாவுக்கு உன்னை மறக்கவில்லை என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாரோ என்னவோ.

நவம்பர் 8

எந்த டிக்கெட் என்று எனக்குத் தெரியும்.

2005 மே 5, வியாழக்கிழமை. மே 2, 3, 5, 6 என்று நான்கு நாள் வாசித்தார்கள், எங்களுக்குக் கிடைத்தது மூன்றாம் நாள். அன்று இங்கே பொதுத்தேர்தல். காலையில் அண்ணன் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார், சாயங்காலம் மெட்ரோவில் சவுத் கென்சிங்டன். மேல் வட்டத்தில், ஒரு தூணுக்குப் பக்கத்தில் இடம். ஸ்கிப் ஜேம்ஸின் 'ஐம் சோ கிளாட்' என்ற பாட்டோடு ஆரம்பித்தார்கள். அந்த ஆம்ப் சுவர் எதுவும் இல்லை. கிளாப்டன் கையில் ஸ்ட்ராடோகாஸ்டர். மூன்று வயதானவர்கள், மேடை அவர்களுக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம், சொல்லவில்லை.

அப்புறம் 'வீ ஆர் கோயிங் ராங்' வந்தது. பேக்கர் குச்சிகளை வைத்துவிட்டு நுனியில் பஞ்சு சுற்றிய கோல்களை எடுத்தார். சிம்பலைத் தொடாமல் டிரம்களிலேயே கடல் மாதிரி உருட்டிக்கொண்டிருந்தார், மேலே ஏறி ஏறி இறங்கியது. அதன் மேல் புரூஸின் குரல். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பிழைப்பாரா என்று கிடந்த மனிதர், அந்த உயரமான ஸ்வரத்தை எட்டிப் பிடித்து, விடாமல் நிறுத்தினார். ஐயாயிரம் பேர் இருக்கிற மண்டபத்தில் யாரோ இருமியது எங்களுக்கு மேலே கேட்டது. திரும்பிப் பார்த்தேன், அண்ணன் அழுதுகொண்டிருந்தார். அப்போது அவருக்கு ஒரு நோயும் இல்லை. ஏன் அழுதார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொன்னதில்லை.

அதே வருஷம் அக்டோபரில் நியூயார்க்கில் மூன்று நாள் வாசித்தார்கள், புரூஸுக்கும் பேக்கருக்கும் பழைய சண்டை மறுபடி வந்துவிட்டது. கிரீமுக்கு முன்னால் கிரஹாம் பாண்ட் குழுவில் இருந்தபோதே தொடங்கிய சண்டை. குழு ஆரம்பிக்கலாம் என்று பேக்கர் கேட்டபோது, புரூஸ் இருந்தால்தான் வருவேன் என்றவர் கிளாப்டன். அடித்துக்கொள்கிற இரண்டு பேரை ஒரே மேடையில் ஏற்றினால்தான் அந்தச் சத்தம் வரும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

நவம்பர் 12

தீபாவளி. அம்மா போனில் அழுதார். பாப்பா அப்பாவின் பேஸ் கிடாருக்குப் பொட்டு வைத்திருக்கிறாள்.

நவம்பர் 14

கை இன்று தொய்யவில்லை. 'சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்' ரிஃப்பை ஒரே ஒரு தடவை, ஆம்ப் போடாமல், கம்பியின் சத்தம் மட்டும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டினார். கிடார் கலைஞர் ஹெண்ட்ரிக்ஸை லண்டன் சவில் தியேட்டரில் பார்த்துவிட்டு வந்து புரூஸ் போட்ட ரிஃப். மெதுவாக வாசித்தார். கடைசி ஸ்வரத்தை விரலால் கொஞ்சம் நெளித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நவம்பர் 17

போன் 11.20-க்கு, ராத்திரி. இந்தத் தடவை உறுப்பு நன்றாக இருக்கிறது என்று 4.30-க்குச் சொன்னார்கள். 5 மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "மே அஞ்சு போட்டு வச்சிருக்கேன், கேளு" என்றார். கதவு மூடும் வரை அண்ணி கட்டிலைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

ஆறு மணி நேரம் ஆகலாம், எட்டும் ஆகலாம். 2005-ஐ முதலிலிருந்து போட்டேன். ஒரு நிமிடம்கூடத் தாண்டாமல் கேட்டு வருகிறேன். 'ஸ்டார்மி மண்டே'யில் கிளாப்டன் ஒரு வரி வாசித்துவிட்டு நிறுத்துகிறார், அந்த இடைவெளியில் புரூஸ் இரண்டே ஸ்வரம் வைக்கிறார், பேக்கர் அதற்கு ஒரு தட்டு. இது எனக்கு இதுவரை காதில் விழுந்ததே இல்லை. சொல்ல வேண்டும் அவரிடம்.

10.50. அண்ணி டீ வாங்கிக்கொண்டு வருகிறார். இன்னும் யாரும் வெளியே வரவில்லை. மெதுவான 'கிராஸ்ரோட்ஸ்' இனிமேல்தான்