சத்துமாவும் ஆகஸ்ட் மாதக் கடனும்

மேற்கு கென்யாவில் சத்துமாவு அரைத்து விற்கும் சிறு தொழில்களுக்குத் துணையாக இருப்பது சில வருடங்கள் என் வேலையாக இருந்தது. கிசுமுவில் தங்கியிருந்தேன். சியாயா, புசியா, ஹோமா பே என்று விக்டோரியா ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போய்வருவேன். உணவுத் தொழில்நுட்பம் படித்தவன் என்பதால்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் படித்த படிப்புக்கு அங்கே வேலை கொஞ்சம்தான். காயாத மக்காச்சோளம், அச்சாகி வராத பை, வசூலாகாத பாக்கி என்று பெரும்பாலான நாட்கள் போய்விடும்.

தொழில் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு மாவு மில், தராசு, பையை ஒட்டும் சீலிங் மெஷின், வேலைக்கு மூன்று நான்கு பெண்கள். நடத்துபவர்களும் அநேகமாகப் பெண்கள்தான். டீச்சராகவோ நர்ஸாகவோ இருந்து ஓய்வு பெற்றவர்களை நிறையப் பார்த்தேன். அவர்கள் விற்பது ஊஜி மாவு. ஊஜி அங்கே காலைக் கஞ்சி. மக்காச்சோளம், கேழ்வரகு, சோளம் எல்லாம் கலந்து காய்ச்சுவார்கள், புளிக்க வைத்துக் காய்ச்சுவதும் உண்டு. கேழ்வரகு முதலில் விளைந்ததே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில்தான், நமக்கு வந்தது அங்கிருந்துதான். அவர்களிடம் போய்க் கேழ்வரகுக் கஞ்சி பற்றி வகுப்பெடுக்கத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவன் நின்றதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

கடைகளில் இருந்த பாக்கெட்டுகளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்தால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். கேழ்வரகு, சோளம், மக்காச்சோளம், சோயா, நிலக்கடலை, கீரைவிதை, மரவள்ளி, பூசணிவிதை, போதாததற்கு ஒமேனா. ஒமேனா என்பது விக்டோரியா ஏரியில் பிடிக்கும் பொடிமீன். வெயிலில் காயவைத்து முழுசாகச் சாப்பிடுவதால் கால்சியம் நிறையக் கிடைக்கும். சியாயாவில் ஓர் அம்மாவிடம், “இவ்வளவு எதற்கு? நாலு போதுமே” என்றேன். “நாலு போட்டால் யார் வாங்குவார்கள்? எதிர்க்கடையில் பன்னிரண்டு போடுகிறார்கள்” என்றார். அவர் சொன்னது வியாபாரக் கணக்கு. அதற்கு என் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை.

ஒவ்வொரு சாமானும் ஒரு தொல்லையையும் கூடவே கொண்டுவரும். ஒமேனாவைக் கரையில் வலை விரித்துக் காயப்போட்டால் மணல் ஒட்டும். அந்த மீன் எண்ணெய் சீக்கிரம் கெட்டு, மாவு மூன்றாவது வாரமே காறல் அடிக்கும். சோயாவை வறுக்காமல் அரைத்தால் குழந்தைக்கு அதிலிருக்கும் புரதம் சரியாகச் செரிக்காது. நிலக்கடலைதான் எல்லாவற்றிலும் கவலை தருவது. கடலையிலும் மக்காச்சோளத்திலும் வரும் பூஞ்சை, அஃப்ளடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். கென்யாவில் இது வெறும் ஆய்வக விஷயம் இல்லை. 2004இல் மக்குவேனி, கிட்டுயி பகுதிகளில் ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 317 பேருக்குக் கல்லீரல் பாதித்தது, 125 பேர் இறந்தார்கள். கிலோவுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இந்த நச்சு இருக்கக்கூடாது என்பது அங்கே விதி. கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, காய்ச்சினாலும் போகாது. குழந்தைக்கு என்று விற்கும் மாவில் கடலையைச் சேர்ப்பதாக இருந்தால் மூட்டைக்கு மூட்டை சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைச் செலவு ஒரு சின்ன மில்லுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் கடலையை எடுத்துவிடச் சொன்னோம். கடலை போனால் ருசி போகும் என்று சண்டை வந்தது. அதுவும் நியாயம்தான்.

மக்காச்சோளத்தை எடுத்துவிட முடியாது, நன்றாகக் காயவைத்துத்தான் ஆக வேண்டும். ஈரம் 13.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மீட்டர் இல்லாதவர்களுக்கு உப்புச் சோதனை இருக்கிறது. காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் தானியமும் காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கினால், உப்பு பாட்டில் சுவரில் ஒட்டுகிறதா என்று தெரியும். ஒட்டினால் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம், மூட்டையைத் திருப்பி அனுப்பலாம். ஒட்டாவிட்டால் தப்பித்தோம் என்று சொல்லிவிட முடியாது, இன்னும் இரண்டு நாள் வெயில் வேண்டியிருக்கலாம். இருந்தாலும் காசு செலவில்லாத ஒரு சோதனை, வியாபாரியின் முகத்துக்கு நேராகச் செய்து காட்டலாம். நான் கற்றுக்கொடுத்ததில் உடனே பிடித்துக்கொண்டது இதைத்தான். விலை பேசும்போது கையில் ஒரு பிடி கிடைத்ததே!

இப்போது பணத்துக்கு வருகிறேன். மேற்கு கென்யாவில் பெரிய அறுவடை ஜூலை, ஆகஸ்டில் வரும். அப்போது தானியம் மலிவு. அடுத்த வருடம் மே மாதத்தில், புது விளைச்சல் வருவதற்கு முன்னால், விலை எங்கோ போயிருக்கும். ஆகஸ்டில் வாங்கிக் காயவைத்து, காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகளில் கட்டி வைக்க முடிந்தவர் வருடம் முழுக்க ஒரே விலையில், ஒரே தரத்தில் மாவு விற்கலாம். முடியாதவர் வாராவாரம் சந்தையில் கோரோகோரோ என்ற அளவு டின்னால் அளந்து வாங்குவார். அந்தத் தானியம் யார் வீட்டில், எந்த ஈரத்தில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆக, பூஞ்சை நச்சு என்று நான் படித்த பிரச்சினையில் பாதி ஆகஸ்டில் கையில் பணம் இல்லாத பிரச்சினைதான்.

வங்கிக்குப் போனால் நிலப் பத்திரம் கேட்பார்கள். பத்திரம் அநேகமாகக் கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ இருக்கும். எங்களைப் போன்ற திட்டங்களுக்கு மெஷின் வாங்கித் தருவது பிடிக்கும், புகைப்படத்தில் நன்றாக வரும். பயிற்சி தருவது இன்னும் பிடிக்கும். பயிற்சி கொடுப்பது எளிது, அதனால்தான் எல்லோரும் பயிற்சி கொடுக்கிறார்கள். சுத்தம், லேபிள், கணக்கெழுதுவது என்று ஒரே பாடத்தை மூன்று திட்டங்களில் மூன்று முறை படித்துச் சான்றிதழ் வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். தானியம் வாங்க ஆகஸ்டில் பணம் கொடுத்து ஏப்ரலில் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்ல ஆள் கிடையாது. கடைசியில் பலருக்குக் கைகொடுத்தது அவரவர் சாமா, அதாவது பெண்கள் நடத்தும் சேமிப்புக் குழு. அதிலும் தொகை சிறிது, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பெரிய கடைகளில் மாவு வைப்பது எல்லோருக்கும் ஆசை. அதற்கு அரசுத் தர நிறுவனத்தின் முத்திரை வேண்டும், பார்கோடு வேண்டும், அச்சடித்த பை வேண்டும். பை அச்சடிப்பவர் ஆயிரக்கணக்கில் எடுத்தால்தான் மெஷினை ஓட்டுவார். அதனால் வெற்றுப் பை வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், ஏரிக்கரை ஈரத்தில் ஸ்டிக்கர் உரியும். எல்லாம் சரிசெய்து உள்ளே போனால் பணம் வர அறுபது, தொண்ணூறு நாள் ஆகும். ஒரு சூப்பர் மார்க்கெட் சங்கிலி பாக்கி வைத்தபடியே கதவை மூடியதில், நான் கூடவே இருந்து வளர்த்த ஒரு தொழில் படுத்துவிட்டது. அதன்பின் பெரிய கடை வேண்டாம், தெருமுனைப் பெட்டிக்கடையும் பள்ளிக்கூடமும் போதும் என்று சொல்ல ஆரம்பித்தேன். பெட்டிக்கடைக்காரர் கைபேசியில் பணம் அனுப்பும் எம்-பேசாவில் அன்றே பணம் அனுப்பிவிடுவார். ஆனால் அவருக்கு 20 ஷில்லிங் பாக்கெட்தான் ஓடும். தினக்கூலி வாங்குகிறவர்கள் கிலோக் கணக்கில் வாங்குவதில்லை. சின்னப் பாக்கெட்டில் மாவின் விலையோடு பையின் விலையும் போட்டி போடும். ஏழைதான் கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறார் என்பது இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத உண்மை.

நான் படித்தது உண்மையிலேயே உதவிய இடம் ஒன்று உண்டு, அது முளை மாவு. கஞ்சி காய்ச்சும்போது மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கெட்டியாகிவிடும். கெட்டியாக இருந்தால் ஒரு வயதுக் குழந்தை விழுங்காது, அதனால் தாய் தண்ணீர் விடுவார். விடவிட வயிறு தண்ணீரால் நிரம்பும், சத்து குறையும். குழந்தை நன்றாகக் குடித்தது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கேழ்வரகை இரண்டு மூன்று நாள் முளைகட்டி, காயவைத்து, முளையைத் தேய்த்து எடுத்து அரைத்த மாவு இருந்தால் கதையே வேறு. கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கி, கொதி அடங்கியதும் அதில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் இளகி ஓடும். முளையில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டிவிடுகிறது. கொதிக்கும்போதே போட்டால் அமைலேஸ் செத்துவிடும், பலன் இல்லை. இளகிய பிறகு ஒரு கொதி விட்டு இறக்க வேண்டும். இப்போது அதே நீர்ப்பதத்தில் இருமடங்கு மாவு இருக்கும். தான்சானியாவில் 1980களிலேயே கிமேயா என்ற பெயரில் இதைப் பரப்பியிருக்கிறார்கள், புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. சோளத்தையும் முளைகட்டலாம், ஆனால் அதன் முளையில் சயனைடு உண்டாகும். வேரையும் முளையையும் சுத்தமாக எடுக்காவிட்டால் ஆபத்து என்பதால் கேழ்வரகோடு நிறுத்திக்கொண்டோம்.

சத்து என்று சொல்லி விற்றபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வரும் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு கோப்பை வைத்து, கரண்டி நட்டாலும் நிற்கும் கஞ்சியில் ஒரு ஸ்பூன் போட்டுக் காட்டினால் கூட்டம் கூடிவிடும். “பிள்ளை மீதி வைக்காமல் குடிக்கும்” என்று சியாயா அம்மா ஒரு வரி சொல்வார். கோப்பையைத் தள்ளிவிடும் குழந்தையோடு தினமும் மல்லுக்கட்டும் தாய்க்கு அதற்கு மேல் விளம்பரம் தேவையில்லை. ஆனால் மழைக்காலத்தில் முளைத் தானியம் காயாது, பூஞ்சை பிடிக்கும், நச்சுக் கவலை மறுபடி வந்துவிடும். வெயில் மாதங்களில் செய்து குட்டிப் பொட்டலமாகத் தனியே விற்பது என்று முடிவானது. இன்றும் அப்படித்தான் நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

ஹோமா பே பக்கம் ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி வேறு ஒரு வழியில் ஓடியது. வைட்டமின் ஏ குறைவுக்கு எதிராக அதை வளர்த்துப் பரப்பியதற்காக மரியா ஆந்திராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ மூவருக்கும், பயிரிலேயே சத்தைக் கூட்டும் முயற்சிக்காக ஹோவர்த் பூயிஸுக்கும் 2016இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கிழங்கை வேகவைத்து மசித்து ரொட்டி மாவில் கலக்கிறார்கள். பேக்கரிக்காரர் வாங்கியது வைட்டமினுக்காக இல்லை. கென்யா தன் கோதுமையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது, கோதுமை விலை ஏறும்போது மசித்த கிழங்கு லாபம். ரொட்டி பொன்னிறமாக, மெத்தென்று வந்தது வாங்கியவர்களுக்குப் பிடித்தது. சத்து அதோடு சேர்ந்து போய்விட்டது.

இதெல்லாம் பாக்கெட் வாங்க முடிந்தவர்களுக்கு. ரொம்பவும் இல்லாதவர்கள் பாக்கெட் பக்கம் வருவதில்லை. தங்கள் மக்காச்சோளத்தைத் தூக்கிக்கொண்டு, கூலிக்கு அரைத்துத் தரும் போஷோ மில்லுக்குப் போய் அரைத்துக்கொள்கிறார்கள். பாக்கெட் மாவில் இரும்பும் வைட்டமினும் சேர்க்க வேண்டும் என்று கென்யா 2012இல் சட்டம் போட்டது, இந்த மில்களில் அது நடப்பதில்லை. தான்சானியாவில் சாங்கு என்ற அமைப்பு சின்ன மில்களுக்கென்று ஒரு கருவி கொடுக்கிறது. விழும் தானியத்தை எடைபோட்டு, அதற்கேற்ற சத்துக்கலவையைத் தானாகப் போடும். காலி மாவுப் பைகளை மொத்தமாக வாங்கி மில்காரருக்கு விற்று, அந்த லாபத்தில் கலவைச் செலவைச் சமாளிக்கிறார்கள். மில்காரருக்குக் கூடுதல் செலவு இல்லை, சாப்பிடுகிறவர் விலை கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. நான் பார்த்த ஏற்பாடுகளில் கெட்டிக்காரத்தனமானது இதுதான். ஆனால் அது பையில் போட்டு விற்கும் மில்லுக்குத்தான் பொருந்தும். பக்கெட்டில் தானியம் கொண்டுவந்து அதே பக்கெட்டில் மாவு வாங்கிப் போகிறவரிடம் விற்கப் பை இல்லை, எனவே அந்த லாபமும் இல்லை. அவருடைய மாவில் சேரும் சத்துக்கு யார் காசு கொடுப்பது என்று கிசுமுவில் நடந்த கூட்டங்களில் பலமுறை பேசினோம். அரசு கொடுக்க வேண்டும் என்பேன் நான். மில்காரர்கள் சிரிப்பார்கள், பிறகு டீ வந்துவிடும்.