பழைய படகின் தளத்து ஒழுகல்: ஆறு தூண்களில் நான்கு முடிந்தது

படுக்கைக்கு மேல் சொட்டுகிறது என்றால் நேர் மேலே இருக்கும் ஜன்னல்மேல்தான் முதலில் சந்தேகம் வரும். பெரும்பாலும் அது நிரபராதி. படகின் மேல்தளத்துக்கும் உள்கூரைக்கும் நடுவில் புகுந்த தண்ணீர், சரிவு பார்த்து இரண்டு மீட்டர்கூட ஓடிவிட்டுத்தான் சொட்டும்.

அதனால் முதல் வேலை, ஓட்டையைக் கண்டுபிடிப்பது. ஜன்னல், காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் டேப் போட்டு அடைத்து, வாசலில் அட்டை வைத்து, அதன் வழியாக ஊதுகுழல் இயந்திரத்தால் உள்ளே காற்றை ஏற்ற வேண்டும். தளத்தில் சோப்புத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். தள ஓரத்தில் பாதுகாப்புக் கம்பியைத் தாங்கும் ஆறு கம்பித்தூண்களின் அடியிலும் கிளம்பியது.

காரணம் நெம்புகோல் கணக்கு. தூண் 60 செ.மீ. உயரம், அடித்தகட்டில் போல்ட்டுகளுக்கு நடுவே 6 செ.மீ. உச்சியைப் பிடித்து 40 கிலோ விசையில் இழுத்தால் அடியில் ஏறக்குறைய 400 கிலோ. தகடு மயிரிழை தூக்கினாலே அடைப்பு விட்டுப்போகும்.

கழற்ற இருவர் வேண்டும்: மேலே திருப்புளி, கீழே ஸ்பேனர். பழைய சிலிக்கானை மிச்சமில்லாமல் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் வழி. அசிட்டோனுக்கு அது கரையாது. அந்தப் படலத்தின்மேல் எதுவும் ஒட்டாது, புதுச் சிலிக்கான்கூட.

தளம் என்பது இரண்டு ஃபைபர் அடுக்குகள், நடுவில் லேசான பல்சா மரம். போல்ட் துளை வழியாக மரத்துக்குத் தண்ணீர் போகாதபடி சுற்றிலும் பிசின் நிரப்ப வேண்டும். அதற்காக மேல் ஃபைபரும் மரமும் மட்டும் போகும்படி 12 மி.மீ. துளை. ஆழம் தவறாமலிருக்க டிரில் பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளலாம். வரும் தூள் வெளுப்பாக, உலர்ந்து இருந்தால் நல்லது. கரும்பழுப்புச் சேறாக வந்தால் மரம் அழுகிவிட்டது. வளைத்த ஆணியை டிரில்லில் மாட்டிச் சுற்றி ஒரு செ.மீ. மரத்தைக் குடைய வேண்டும். ஈரம் இருந்தால் மேலே கூடாரம் கட்டி, மின்விசிறி வைத்து, நாள்கணக்கில் காயவிடத்தான் வேண்டும். குடியிருந்துகொண்டே செய்வதால் ஒரு நேரத்தில் இரண்டு தூண்களுக்கு மேல் திறக்காதது நல்லது. மழை சொல்லிவிட்டு வராது.

கீழே டேப் ஒட்டி, முதலில் தூள் எதுவும் கலக்காத எபாக்சியை (இறுக்கி சேர்த்ததும் கெட்டியாகும் பிசின்) ஊற்றிப் பத்து நிமிடம் மரம் குடிக்கவிட்டு, மிச்சத்தை ஊசிக்குழலால் உறிஞ்ச வேண்டும். பிறகு சிலிக்கா தூள் கலந்து கெட்டித் தேன் பதத்தில், அடியிலிருந்து மேலாக நிரப்பினால் காற்று சிக்காது. ஒரே கிண்ணத்தில் நிறையக் கலக்கினால் சூடேறிப் புகைந்துவிடும். மறுநாள் மேற்பரப்பில் மெழுகுபோல் ஒரு பிசுக்கு இருக்கலாம். தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகே தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும்.

இப்போது 6 மி.மீ. போல்ட்டுக்கு 6.5 மி.மீ. துளை, இந்த முறை முழுக்க ஊடுருவும்படி. துளை வாயைச் சற்று அகட்டுவதை விட்டுவிடக் கூடாது. பியூட்டைல் டேப் (இறுகிப்போகாத, ரப்பர் போன்ற ஒட்டுப் பட்டை) அந்தக் குழியில்தான் வளையமாக உட்காரும். போல்ட் தலைக்குக் கீழ் இரண்டு சுற்று, தகட்டுக்கு அடியில் முழுப் பரப்பு. போல்ட்டைத் திருப்பினால் டேப் பிய்ந்துபோகும், நட்டை மட்டும் திருப்ப வேண்டும். பியூட்டைல் மெதுவாகத்தான் பிதுங்கும். மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதில் பிதுங்குவது நின்றது. உள்ளே வாஷருக்குப் பதில் 6 மி.மீ. கண்ணாடி இழைத் தகடு. பாலியூரித்தேன் பசை இங்கே வேண்டாம்: அடுத்த முறை கழற்றும்போது ஃபைபரையே உரித்துக்கொண்டு வரும்.

கழற்றிய போல்ட்டுகளில் மூன்றின் நடுப்பகுதி பழுப்பேறிக் குழிந்திருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் காற்றில்லாமல் ஈரத்தில் அடைபட்டால் அப்படித்தான் அரிக்கும். தலையும் நுனியும் பளபளப்பாகவே இருந்தன என்பதுதான் ஏமாற்று. எல்லாமே புதிதாக மாற்றியாயிற்று.

மிச்சம் வலப்புறப் பின் தூண்கள் இரண்டு. பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினால் தூணைச் சுற்றி 20 செ.மீ. வரை மந்தமாகக் கேட்கிறது. குடைந்து தீராது, மேல் ஃபைபரை வெட்டித் திறந்து மரத்தையே மாற்ற வேண்டும். அதுவரை டேப்பும் கீழே ஒரு டப்பாவும்.