கார் ரிமோட் ரிப்பேர்: பழைய கவரைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்

தங்கச்சிமடத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு மூன்று நடை. முதல் இரண்டும் வீண். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

விருந்தாளிகளோடு அரிச்சல்முனை போனபோது ஓர் அலை இடுப்புவரை அடித்தது. ரிமோட்டோடு சேர்ந்த கார் சாவி பேன்ட் பையில். துடைத்து வெயிலில் காயவைத்தேன், வேலை செய்தது. நான்காம் நாள் லாக் பட்டனும் வேலை செய்யவில்லை, அன்லாக்கும் இல்லை. புது சிஆர்2032 செல் போட்டும் அப்படியேதான். சாவியைச் சொருகிக் கதவைத் திறந்தால், இக்னிஷன் ஆன் செய்யும்வரை அலாரம் தெருவையே எழுப்பியது.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு முதல் நாளே போன் செய்து, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டேன். "ஆர்.சி., ஆதார் போதும் சார்" என்றார்கள். 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போய் நின்றால், "இன்னொரு சாவி எங்கே?" என்கிறார் கவுன்டரில் இருந்தவர். புதுச் சாவியைப் பதியும்போது பழைய பதிவு அழிந்துவிடுமாம்; அப்போது கையில் இல்லாத சாவியால் அப்புறம் வண்டி கிளம்பாது. நியாயமான காரணம்தான், அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே? என் இரண்டாவது சாவி வீட்டு பீரோவில். ரிமோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் 11,000 ரூபாய் ஆகும் என்றார்.

அடுத்த நடை, ஒரு சாவிக் கடை. சாவியின் வெளிக்கூடான கவரை மாற்றினால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் 450 ரூபாய் வாங்கினார். பட்டன் வேலை செய்யவில்லை. அது போகட்டும், வண்டியே கிளம்பவில்லை! ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை, மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. வண்டியைக் கிளம்பவிடும் சிப் எங்கள் மாடலில் ரிமோட் போர்டில் இல்லை. கவருக்குள் ஓர் ஓரக் குழியில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டாகத் தனியே இருக்கிறது. அதற்கு பேட்டரி செல்கூடத் தேவையில்லை. பழைய கவர் ஏற்கெனவே கடைக் குப்பைக் கூடையில். டீ கப்புகளுக்கு அடியில் நானே கைவிட்டுத் தேடி எடுத்தேன். அந்தத் துண்டைப் புதுக் கவரில் வைத்ததும் ஒரே திருப்பில் வண்டி கிளம்பியது.

மூன்றாம் முறை, மொபைல் ரிப்பேர் செய்யும் ஒரு தம்பியிடம் கொடுத்தேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்களே பாருங்க" என்றார். செல் உட்காரும் தகட்டடியில் பச்சைக் களிம்பு. தகட்டின் ஒரு கால் போர்டிலிருந்து விட்டு நின்றது. ஐ.பி.ஏ. (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுப் பழைய டூத்பிரஷால் தேய்த்து, காயவிட்டு, காலைச் சால்டர் செய்தார். இருபது நிமிடம், 200 ரூபாய்.

உப்புத்தண்ணீர் பட்டால் முதலில் செல்லைக் கழற்றிவிட வேண்டுமாம். வெளியே காய்ந்தாலும் உள்ளே தங்கிய உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், செல்லின் கரண்டும் சேர்ந்தால் களிம்பு வேகமாக ஏறும் என்றார். நம் கரையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். கவர் மாற்றினால், வண்டி கிளம்புவதைப் பார்க்கும்வரை பழைய கவரை யாரிடமும் விடாதீர்கள்.

கடை வாசலில் நின்றே பட்டனை அழுத்தினேன். எதிர்ச்சாரியில் நின்ற வண்டியின் நான்கு இண்டிகேட்டரும் பளிச்சென்று எரிந்தன.