ஒன்பதாம் பக்கத்து விளக்குகள்

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தபடியே சிறு கடைகளுக்கு இணையதளம் பார்த்துக்கொடுக்கிறேன். நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்கும் ஒரு கடைக்கு நான் செய்த தவறு இன்னும் மனதை உறுத்துகிறது.

அங்கே 220 விளக்குகள். பக்கத்துக்கு 20 வீதம் 11 பக்கங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு, ஒரே முன்னுரை. ஒரே விஷயம் பல முகவரிகளில் இருந்தால் கூகுள் தண்டிக்கும் என்று பயந்து, 2 முதல் 11 வரை எல்லாப் பக்கத்திலும் முதல் பக்கத்தையே கனானிக்கல், அதாவது கூகுள் எடுத்துக்கொள்ள வேண்டிய மூலப் பக்கம், என்று குறித்துவிட்டேன். தளத்தின் பக்க முகவரிகளைக் கூகுளுக்குப் பட்டியலிட்டுத் தரும் சைட்மேப்பும் கொடுக்கவில்லை.

சில மாதம் கழித்துக் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, அஞ்சடி விளக்குன்னு தேடினா நம்ம கடையே வரலையேப்பா."

அந்த விளக்குகள் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தன. நம் தளத்தை கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தால், பின்பக்கங்கள் எல்லாம் மாற்றுப் பக்கங்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்தன. கனானிக்கல் என்பது "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று நாம் சொல்வது. ஒன்பதாம் பக்கத்தில் இருப்பது வேறு விளக்குகள், அது எப்படி முதல் பக்கத்தின் நகலாகும்? நகல் இருப்பதற்காக மட்டும் கூகுள் தண்டிப்பதும் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விட்டுவிடும், அவ்வளவுதான்.

நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவருக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் நிலம் உண்டு. "மேட்டூர்ல தொறந்தும் நடுவுல ஷட்டர இறக்கிட்டா கடைமடைக்கு எப்படிப்பா தண்ணி வரும்?" என்றார். அதைவிடச் சரியாக எனக்கும் சொல்லத் தெரியாது.

அப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதனதன் முகவரியையே கனானிக்கலாக்கினேன். தலைப்பில் பக்க எண் சேர்த்தேன். "மேலும் காட்டு" பொத்தானை பக்கங்களைத் தானாகப் படித்துப்போகும் கூகுளின் போட் அழுத்தாது என்பதால், எல்லாப் பக்க எண்களுக்கும் சாதாரண இணைப்பு கொடுத்தேன். முன், பின் பக்கங்களைச் சொல்லும் பழைய குறிகளைத் தொடவில்லை. அவற்றைப் பயன்படுத்துவதில்லை என்று 2019-லேயே கூகுள் சொல்லிவிட்டது.

உண்மையான நகல்கள் வேறு இடத்தில் இருந்தன. விலை வாரியாக அடுக்கினால் ஒரு முகவரி, வாட்ஸ்அப் வழியாக வந்தால் இன்னொரு முகவரி. கனானிக்கல் அங்கேதான் தேவைப்பட்டது. எந்தப் பக்கங்களை போட் படிக்கக் கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் அவற்றை அடைக்கவும் கூடாது, அடைத்தால் உள்ளே இருக்கும் கனானிக்கலை கூகுள் படிக்கவே முடியாது.

ஆறு வாரத்தில் ஐந்தடி விளக்கு தேடலில் வந்தது. பத்து, பதினொன்றாம் பக்கத்து விளக்குகளை இப்போதும் திங்கட்கிழமைதோறும் தேடிப் பார்க்கிறேன்.