கடைசி வரிசையில் ஒரு காலி சீட்

பேஸ்பால் எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடித்தவன் எப்போது ஓட வேண்டும், எப்போது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதெல்லாம் இன்றைக்கும் யோசித்துத்தான் பிடிபடுகிறது. ஆனாலும் ‘மேஜர் லீக்’ என்ற 1989 படத்தை மூன்று தடவை பார்த்துவிட்டேன், மூன்று தடவையும் ஒரே ஆளுக்காக. மைதானத்தில் ஆடுகிறவர்கள் யாரும் இல்லை. மேலே ரேடியோ அறையில், பக்கத்தில் விஸ்கி பாட்டிலை வைத்துக்கொண்டு, தோற்றுக்கொண்டே இருக்கும் கிளீவ்லாண்ட் டீமுக்கு வர்ணனை செய்யும் ஹாரி டாய்ல்தான் அந்த ஆள்.

சார்லி ஷீன் அதில் புது பிட்சர், நம் பந்துவீச்சாளர் மாதிரி. எறிகிற வேகம் பயங்கரம், குறி சுத்தம். அதாவது சுத்தமாகக் கிடையாது. முதல் ஆட்டத்தில் அவர் எறிந்த பந்து பேட்ஸ்மேனுக்கு எட்டாத தூரத்தில் எங்கேயோ போகிறது. ஹாரி டாய்ல் பதறாமல், குரலை இழுத்து, “கொஞ்ச்ச்சம் வெளியே போய்விட்டது” என்கிறார். எங்கள் வீட்டில் இப்போது காய்கறிக் கூடையைக் குறி வைத்து எறிந்த தக்காளி தரையில் விழுந்தாலும் இதேதான்.

யாரோ தேர்ந்த காமெடி நடிகர் என்று நினைத்துத்தான் பெயரைத் தேடினேன். பாப் யூக்கர். தொழில்முறை பேஸ்பால் ஆட்டக்காரர். 1962 முதல் 1967 வரை ஆறு சீசன், மில்வாக்கி பிரேவ்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், பிலடெல்பியா பில்லிஸ், கடைசியில் அட்லாண்டா. சரி, பெரிய நட்சத்திரமாக இருந்திருப்பார், அதனால் சினிமாவில் கூப்பிட்டிருப்பார்கள் என்று பார்த்தால், கதை நேர்மாறாக இருக்கிறது.

731 தடவை அடிக்க நின்றிருக்கிறார், 146 தடவைதான் ஒழுங்காகப் பட்டிருக்கிறது. பேட்டிங் சராசரி .200 என்று எழுதுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 0.1997 வருகிறது. அந்த .200-ம் தசமத்தில் மேலே தள்ளி முழுசாக்கியது! மொத்தமே 14 ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி அடி. பேஸ்பாலில் .200 என்றால் ‘இவனை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்’ என்று கேட்கிற இடம்.

இந்த எண்ணை மறைக்காமல், இதையே முதலாக வைத்து மனுஷன் ஐம்பது வருஷம் கடை நடத்தியிருக்கிறார். திறமை இருப்பவன் யார் வேண்டுமானாலும் பெரிய லீகில் ஆடலாம், என்னைப் போல வருஷா வருஷம் ஊரை ஏமாற்றி ஆடுவதுதான் பெரிய சாதனை என்பார். மில்வாக்கி பிரேவ்ஸ் 3,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டார்கள், எங்கள் அப்பாவுக்குத்தான் கஷ்டமாகிவிட்டது, அவ்வளவு பணம் அவரிடம் ஏது என்பார். சாண்டி கூஃபாக்ஸ் என்ற மகா பிட்சரின் பந்தில் 1965-ல் ஒரு ஹோம் ரன் அடித்துவிட்டார். அந்த ஒரு அடியால் பாவம் கூஃபாக்ஸுக்கு ஹால் ஆஃப் ஃபேமில், அதாவது பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கிற இடத்தில், இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

1964-ல் கார்டினல்ஸ் வேர்ல்ட் சீரீஸ் என்ற சாம்பியன் பட்டத் தொடரை ஜெயித்தபோது அவரும் அந்த டீமில் இருந்தார், ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. சும்மா இருக்க முடியுமா? மைதானத்தில் வாசிக்க வந்திருந்த பேண்டுக்காரர்கள் கீழே வைத்திருந்த டியூபாவை, அதுதான் ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்த பெரிய பித்தளை வாத்தியம், தூக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் வானத்திலிருந்து வரும் பந்துகளை அதன் வாயில் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். சில பந்து உள்ளே விழுந்தது, சில பந்து வாத்தியத்தை நசுக்கியது. அந்தச் சேதத்துக்கு எனக்கே பில் போட்டார்கள் என்று அதையும் ஒரு கதையாக்கிக்கொண்டார்.

அவர் கேட்சர், கிட்டத்தட்ட நம் விக்கெட் கீப்பர் மாதிரி. மைதானத்தில் மற்ற எல்லோரும் உள்ளே பார்த்து நிற்க, கேட்சர் ஒருவன்தான் வெளியே பார்த்து உட்கார்ந்திருப்பான், முழு ஆட்டமும் அவன் கண் முன்னால் நடக்கும். இவரோ மாற்று கேட்சர், பெரும்பாலும் பெஞ்சில். பார்ப்பதும் பேசுவதும்தான் வேலை. 1967-ல் இவரிடமிருந்து நழுவிப்போன பந்துகள் 27, அந்த வருஷம் லீகிலேயே அதிகம். காரணம் ஃபில் நீக்ரோ என்ற பிட்சரின் நக்கிள்பால். சுழலாமல் மிதந்து வந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எறிந்தவனுக்கே தெரியாத பந்து அது. அதைப் பிடிக்க ஒரே வழி, உருண்டு நிற்கிறவரை காத்திருந்து போய் எடுத்துக்கொள்வதுதான் என்பது யூக்கரின் பாடம். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் பலருக்கும் மிச்சக் கதை தெரியாது. பிடிக்க முடியாவிட்டால் அது என் கவலை, நீ பயப்படாமல் அந்தப் பந்தையே போடு என்று நீக்ரோவுக்குத் தெம்பு கொடுத்தவர் இவர்தான், அதை நீக்ரோவே நன்றியோடு சொல்லியிருக்கிறார். அந்த வருஷம் லீகில் எதிரணிக்கு மிகக் குறைவாக ரன் கொடுத்த பிட்சர் நீக்ரோ. இவர் மானம் போனது, அவர் பெயர் நின்றது. முட்டாள் வேஷம் போடுகிறவர்கள் பலரும் முட்டாள்கள் இல்லை என்று நமக்குத் தெரியாதா என்ன.

ஆட்டக்கார வாழ்க்கை முடிந்து அட்லாண்டாவில் மேடைகளில் பேசிக்கொண்டிருந்தபோது டிரம்பெட் கலைஞர் ஆல் ஹர்ட் பார்த்துப் பிடித்துப்போய் ஜானி கார்சன் நடத்திய ‘டுநைட் ஷோ’ என்ற டிவி அரட்டை நிகழ்ச்சிக்கு வழி செய்தார். முதல் தடவை பேசிவிட்டுப் போனதும், இந்த ஆள் நிஜமாகவே பேஸ்பால் ஆடியவர்தானா என்று கார்சன் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம். அப்புறம் கிட்டத்தட்ட நூறு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ‘மிஸ்டர் பேஸ்பால்’ என்று பட்டம் கொடுத்ததும் கார்சன்தான், முழுக்க நக்கல்தான், ஆனால் அதுவே நிலைத்துவிட்டது.

எண்பதுகளில் வந்த மில்லர் லைட் பீர் விளம்பரம் ஒன்று இருக்கிறது, அரை நிமிஷம்தான், எனக்கு அவருடைய எல்லா வேலைகளிலும் அதுதான் உசத்தி. மைதானத்தில் நல்ல சீட்டில் உட்கார்ந்து, முன்னாள் ஆட்டக்காரனுக்கு எல்லாம் இலவசம் என்று பீற்றிக்கொண்டிருப்பார். சீட் பார்த்து உட்கார வைக்கிற ஊழியர் வந்து, இது உங்கள் சீட் இல்லை, எழுந்திருங்கள் என்பார். யூக்கரின் முகத்தைக் கவனியுங்கள், ஒரு நொடிகூட வாடாது. “ஓ, முன் வரிசையில் போட்டிருப்பார்கள்!” என்று எழுந்து போவார். அடுத்த காட்சியில் உச்சாணிக் கொம்பில், சுற்றிலும் காலி நாற்காலிகளுக்கு நடுவே, கீழே எறும்பு மாதிரி தெரிகிற ஆட்டத்தைப் பார்த்து உற்சாகமாகக் கத்திக்கொண்டிருப்பார். அவமானப்பட்டதே அந்த மனுஷனுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த இரண்டில் எது என்று கடைசிவரை சொல்லாமல் வைத்திருப்பதுதான் நடிப்பு.

1985-லிருந்து 1990 வரை ஏபிசி டிவியில் ‘மிஸ்டர் பெல்வெடியர்’ தொடரில் குடும்பத் தலைவனாக வந்தார். ஆங்கிலேய பட்லர் ஒருவர் அமெரிக்க வீட்டில் வேலைக்குச் சேரும் கதை. சில எபிசோடுகள் பார்த்தேன், பரவாயில்லை ரகம். நடுவில் மல்யுத்தப் பக்கமும் போய்வந்திருக்கிறார். 1988 ரெஸில்மேனியாவில் ஆந்த்ரே தி ஜெயன்ட் அந்த ராட்சதக் கையால் இவர் கழுத்தைப் பிடிக்க, கண் பிதுங்க நின்ற கோலம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும், பாருங்கள்.

ஆட்டக்காரர்கள் திரையில் தலைகாட்டுவது அமெரிக்காவில் பழைய கதைதான். பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம் பேப் ரூத் 1928-லேயே ஹரால்ட் லாய்ட் படத்தில் டாக்சியில் ஏறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவார். 1942-ல் இன்னொரு ஆட்டக்காரர் லூ கெரிக்கின் வாழ்க்கைப் படத்தில் மறுபடியும் பேப் ரூத்தாகவே வந்தார். கீத் ஹெர்னாண்டஸ் 1992-ல் ‘சைன்ஃபெல்ட்’ டிவி தொடரில் கீத் ஹெர்னாண்டஸாகவே வந்து பெயர் வாங்கினார். ஆனால் இவர்கள் எல்லாம் புகழைக் கையோடு கொண்டுவந்தவர்கள், கேமரா முன்னால் வந்து நின்றாலே போதும். யூக்கரிடம் கொண்டுவர .200 தவிர வேறு எதுவும் இல்லை. நின்றால் போதாது, பேசியாக வேண்டும்.

மறுபடி ‘மேஜர் லீக்’குக்கு வருகிறேன். கதை கிளீவ்லாண்டில் நடக்கிறது, ஆனால் மைதானக் காட்சிகளில் பெரும்பாலானவற்றை எடுத்தது மில்வாக்கி கவுண்டி ஸ்டேடியத்தில். அதாவது யூக்கர் பிறந்த ஊரில், 1971-லிருந்து மில்வாக்கி ப்ரூவர்ஸ் டீமுக்கு அவர் நிஜமாகவே ரேடியோ வர்ணனை செய்துகொண்டிருந்த அதே மைதானத்தில். பகலில் நிஜ டீம், கேமரா வந்தால் பொய் டீம். எதிரணியில் முறைத்துக்கொண்டு நிற்கும் பயங்கர பேட்ஸ்மேனாக வருகிற பீட் வுகோவிச் நிஜத்தில் பிட்சர், 1982-ல் ப்ரூவர்ஸுக்காக ஆடி, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். யூக்கர் பேசியதில் நிறைய அங்கேயே அவராகச் சேர்த்தது என்று இயக்குநர் டேவிட் வார்ட் சொல்லியிருக்கிறார். அது தெரிகிறது. நம் டீம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஜெயிக்கத் தொடங்கியிருப்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், வருகிற கூட்டத்தைப் பார்த்தால் நிச்சயம் கவனிக்கவில்லை என்று படத்தில் ஒரு இடத்தில் சொல்வார். காலி மைதானத்துக்கு வருஷக்கணக்கில் பேசிப் பழகாதவனுக்கு அந்த சலிப்பு தொண்டையில் வராது.

டிவி, சினிமா எல்லாம் வந்தபிறகும் அந்த ரேடியோ நாற்காலியை அவர் விடவில்லை. 2003-ல் வர்ணனையாளர்களுக்கான ஃபோர்ட் ஃப்ரிக் விருது கிடைத்தது. பேட்டால் போக முடியாத ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாயால் போய்ச் சேர்ந்தார்.

மில்வாக்கியின் புது மைதானத்தில், கூரையைத் தாங்கும் அமைப்பு மறைக்கிற சீட்டுகளை ஒரு டாலருக்கு விற்றார்கள், பெயரே யூக்கர் சீட். 2012-ல் வெளியே சிலை வைத்தார்கள். அதோடு விடாமல் 2014-ல் மேல் அடுக்கில், கடைசி வரிசையில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இன்னொரு சிலையும் வைத்தார்கள், அந்த விளம்பரத்தின் ஞாபகமாக.

2024 அக்டோபரில் ப்ரூவர்ஸ் அணி நியூயார்க் மெட்ஸிடம் கடைசி இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன்னால் தோற்று வெளியேறியது. தொண்ணூறு வயது யூக்கர் மைக்கில் இருந்தார். அந்த ஆட்டத்தின் முடிவில் ஜோக் எதுவும் சொல்லவில்லை, இந்தத் தோல்வி சுருக்கென்று குத்துகிறது என்கிற மாதிரி ஒரே வரி, அவ்வளவுதான். 2025 ஜனவரி 16 அன்று இறந்துபோனார், 91-வது பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருந்தது.

அந்த மேல் அடுக்குச் சிலைக்குப் பக்கத்து சீட்டைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள், போகிறவர்கள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள. அங்கிருந்து ஆட்டம் சரியாகத் தெரியாது என்கிறார்கள்.